விளக்குப் பக்கம் நீட்டிய கால்

கம்பளத்துக்கும் பூனையைப் போல ஒரு மயிர்ச்சாய்வு உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் முரண்டு பிடிக்கும். நெய்பவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து முதல் முடிச்சைப் போட்டாளோ, அந்தப் பக்கம்தான் மயிர் முழுவதும் சாயும். கையால் முடிச்சுப் போட்ட எந்தப் பாரசீகக் கம்பளத்துக்கும் இது பொது. இதை நான் ஒரு பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். சிட்னியின் மேற்கில், கராஜ்களும் டயர்க் கடைகளும் நிறைந்த ஒரு தெருவில், பழைய கம்பளங்களைக் கழுவித் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். சிட்னியின் பிளாக்டவுனுக்கு வந்த பிறகு என் சான்றிதழ்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள், வேலை மட்டும் தரவில்லை. பட்டறை முதலாளி சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு கம்பளத்தின் ஓரத்தைக் காட்டி, ஒரு விரல் அகலத்துக்குள் எத்தனை முடிச்சு என்று எண்ணச் சொன்னார். சரியாகச் சொன்னேன். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

முதலாளி ஈரானின் கெர்மான் பக்கத்துக்காரர். சிட்னிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். அதிகம் பேசமாட்டார். திருத்திய கம்பளம் எதுவும் அவர் கை படாமல் வாசலைத் தாண்டாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழந்தாளிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். கை ஓரிடத்தில் நின்றால், அந்த இடம் பிழை. பிழை என்றால் கத்தமாட்டார். கம்பளத்தைச் சுருட்டித் திரும்ப எங்கள் முன்னால் வைப்பார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

எங்கள் என்றால் நானும் அவளும். அவளும் கெர்மான்காரிதான், என் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். தறிக்கு முன்னால் பிறந்து வளர்ந்தவள். நான் ஓரம் கட்டுவேன், குஞ்சம் முடிவேன், கம்பளியை நிறவாரியாகப் பிரிப்பேன். ஓட்டை விழுந்த இடத்தில் புதுப் பாவு நூல் இழுத்து முடிச்சுப் போடுவது அவள் வேலை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு நொண்டி ஆங்கிலம். அதில் சண்டைகூடப் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறோம். இங்கே அதை என் ஊர்த் தமிழில்தான் எழுதமுடியும்.

அவள் வேலை செய்யும்போது பாடுவாள். பாட்டு என்றால் பாட்டு அல்ல. அவள் ஊரில் பெரிய கம்பளம் நெய்யும்போது ஒருத்தி மாதிரித் தாளைப் பார்த்து, எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று இராகத்தோடு சொல்லிக்கொண்டே போவாளாம். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி முடிவார்களாம். இங்கே சொல்கிறவளும் அவள்தான், முடிகிறவளும் அவள்தான். இரண்டு சிவப்பு, ஒரு கருநீலம், மூன்று சிவப்பு என்று அவள் பாரசீகத்தில் இழுக்க இழுக்க, கேட்டுக் கேட்டே பத்து வரைக்கும் எண்ணவும் நிறங்களின் பெயர் சொல்லவும் எனக்கு வந்துவிட்டது.

அவளுக்கு விசா தற்காலிகம். நிரந்தர விசாவுக்கான விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். நெசவுக் குடும்பத்தில் வந்தவள் என்று அவள் எழுதிக்கொடுத்ததை அவர்கள் நம்பவில்லை. இவள் நெய்யத் தெரிந்தவள் என்று வேலை கொடுத்தவர் எழுதித் தந்தால் உதவும் என்று அவளுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். முதலாளியிடம் கேட்டாள். அந்த வாரம் வந்திருந்த ஒரு தொழுகைக் கம்பளத்தை அவர் அவள் முன்னால் விரித்தார். நடுவில் ஒரு வளைவு, வளைவின் உச்சியிலிருந்து சங்கிலியில் தொங்கும் ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே, நீல நிலத்தில், ஹீட்டர் சுட்டு உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை.

"இதைத் திருத்துங்கோ. பார்த்திட்டு எழுதுறன். பொய்க் கடிதம் நான் எழுதமாட்டன்."

ஆக, அந்தக் கம்பளம்தான் அவளுடைய கடிதம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளுடைய தம்பி வில்லாவுட்டில் தடுப்பு முகாமில் இருந்தான். உள்ளே வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, களைத்துப் போயிருந்தான். திரும்பிப் போகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அனுப்பிவிடுவார்கள். போனால் அங்கே என்ன நடக்கும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதன்கிழமைகளில் முதலாளி வான் வண்டியை எடுத்துக்கொண்டு தூர இடங்களுக்குக் கம்பளம் எடுக்கப் போய்விடுவார், மாலை ஐந்துக்குத்தான் வருவார். அவர் போன கையோடு அவளும் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு புதனும் போய், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் பொறு என்று சொல்லிவிட்டு வருவாள். அடுத்த புதன் இன்னும் ஒரு வாரம். அப்படி வாரம் வாரமாகத்தான் அவனை வைத்திருந்தாள். முதலாளிக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பங்கு.

அந்தப் புதன் அவள் ஓட்டைக்குப் பாவு இழுத்து முடித்திருந்தாள். முடிச்சுப் போடவேண்டியதுதான் மிச்சம். பிந்தினால் கழுவிக் காயவைக்க நாள் போதாது. கட்டம் போட்ட தாளில் மாதிரியை வரைந்து என் கையில் தந்தாள்.

"நீர் போடுவீர். எத்தினை தரம் பார்த்திருக்கிறீர். நான் இருக்கிற இடத்திலை இரும், சரியோ? தம்பியைப் பார்த்திட்டு வாறன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குஞ்சம் முடிகிறவளை நம்பி முடிச்சையே தருகிறாள்!

கம்பளத்தை ஒரு தாழ்ந்த மரச்சட்டத்தில் ஆணியடித்து, செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தோம். நிலத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்து, காலைச் சட்டத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டும். அவளுடைய இடத்தில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே விளக்கு. என் இரண்டு பாதமும் நேரே அந்த விளக்குக்கு அடியில்.

என்னால் முடியவில்லை. பெரிய பக்தி என்று சொல்லமாட்டேன், கோயிலுக்குப் போவதே வருடத்தில் இரண்டு மூன்று தரம். ஆனால் விளக்கு எரிகிற பக்கம் கால் நீட்டிப் படுத்தாலே எங்கள் வீட்டில் அடி விழும். காலை மடக்கிப் பார்த்தேன், கை எட்டவில்லை. பக்கவாட்டில் இருந்து பார்த்தேன், இடுப்பு நொந்தது. கடைசியில் எழும்பி, சட்டத்தைத் தூக்கி, முழுக்கத் திருப்பி வைத்தேன். இப்போது விளக்கு என் மடிப் பக்கம் வந்தது, கால் வெறும் ஓரத்துப் பக்கம் போனது. மாதிரித் தாளையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். கணக்கு வாத்திச்சி அல்லவா, ஒரு கட்டம் பிசகவில்லை. மாலை நாலு மணிக்குள் ஓட்டை முழுவதையும் நிரப்பி, பழையபடி திருப்பி வைத்துவிட்டேன்.

அவள் வந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூவும் இலையும் அச்சொட்டாக இருந்தன. "உம்மடை முடிச்சு கோபக்காரரின்ரை முடிச்சு, நல்ல இறுக்கம்" என்று சிரித்தாள். சட்டத்தைத் திருப்பிய கதையை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அடுத்த நாள் மயிரை வெட்டிச் சமன் செய்தாள், கழுவினாள், ஈரத்தோடு சீப்பால் ஒரு பக்கமாக வாரிவிட்டாள். கம்பளம் புதுப்பெண் மாதிரி இருந்தது. அடுத்த வார வியாழக்கிழமை காலை கம்பளத்தின் சொந்தக்காரர் எடுக்க வருவார், அதற்கு முன் முதலாளி கை வைத்துப் பார்ப்பார் என்று ஏற்பாடு.

செவ்வாய் மாலை, அவள் போன பிறகு, காய்ந்து கிடந்த கம்பளத்தைச் சுருட்டப் போனேன். ஏதோ ஒரு ஆசை, முதலாளி மாதிரிக் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன். வழுக்கிக்கொண்டு போன கை, விளக்குக்குக் கீழே வந்ததும் நின்றது. திரும்பத் தடவினேன். திரும்பவும் நின்றது. ஈரத்தில் வாரிவிட்ட மயிர் காய்ந்ததும் தன் சாய்வுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தது. மற்ற மயிரெல்லாம் ஒரு பக்கம் சாய, நான் முடிந்த இடத்து மயிர் மட்டும் எதிர்ப்பக்கம் எழும்பி நின்றது. தலைமாட்டில் போய் நின்று பார்த்தேன், உள்ளங்கை அளவுக்கு நிறம் மாறித் தெரிந்தது. ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நெய்பவள் இருக்கும் பக்கம்தான் மயிர் சாயும். நான் எதிர்ப்பக்கம் இருந்து நெய்திருக்கிறேன்.

அன்றைக்கு இரவு வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ரயில் பெட்டி துடைக்கும் வேலையில் இருந்து களைத்து வந்தவர், குசினிக் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப பேசாமல் இரும். நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? நீர்தான் செய்தனீர் எண்டு சொன்னால், அவ வேலை நேரத்திலை வெளியிலை போனதும் வெளிக்கும். ரெண்டு பேருக்கும் வேலை போம்."

அவர் சொன்னதில் கணக்குப் பிழையே இல்லை. நான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னால் அவளுடைய புதன்கிழமைகள் அம்பலமாகும். சொல்லாவிட்டால், கெர்மானில் பிறந்தவள் சின்னப் பிள்ளைகூடச் செய்யாத பிழையைச் செய்தாள் என்று ஆகும். இவளா நெசவுக்காரி என்று அவரே கேட்பார், விசாரணையிலும் கேட்பார்கள். எப்படிக் கூட்டினாலும் விடை அவள் தலையில்தான் வந்து விழுந்தது.

புதன் காலை முதலாளியின் வான் தெருமுனை திரும்பியது. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். போன வாரம் தம்பி சரியாகப் பேசவில்லையாம், இன்றைக்கு நேரத்தோடு போகவேண்டும் என்றாள். வாசலுக்குப் போகிறவளைக் கூப்பிட்டேன்.

"கம்பளத்தைத் தடவிப் பாரும்."

பையைத் தோளில் போட்டபடியே குனிந்து தடவினாள். கை நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை, கையைத்தான் பார்த்தேன். அது அந்த இடத்திலேயே கிடந்தது.

"ஏன் திருப்பினனீர்?"

சொன்னேன். விளக்கு, கால், வீட்டில் விழும் அடி, எல்லாம் சொன்னேன். அந்த நொண்டி ஆங்கிலத்தில் அது எவ்வளவு விசர்க்கதையாகக் கேட்டிருக்கும்!

"அது நூல். அது எரியாது" என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. "நாங்கள் பிறந்ததிலையிருந்து அந்த விளக்குக்குக் கீழைதான் கால் நீட்டி இருந்து நெய்யிறம். நூலுக்கு மரியாதை குடுத்தனீர். எனக்கு என்ன குடுத்தனீர்?"

வெட்கத்தில் காது கொதித்தது.

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதேகால். பார்வையாளர் நேரம் மூன்றோடு முடிந்துவிடும். முடிச்சு எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பப் போடவேண்டும், மயிரை வெட்டவேண்டும், ஈரம் காட்டிக் காயவைக்கவேண்டும். முதலாளி ஐந்துக்கு வந்துவிடுவார். தனியே முடிக்க வழியில்லை, இரண்டு பேர் என்றால் முடியலாம். நான் மட்டும் செய்கிறேன், நீர் போம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை நியாயமானதுதான்.

தெருமுனைத் தொலைபேசிக்குப் போய்விட்டு வந்தாள். தம்பி எடுக்கவில்லையாம், அவனோடு அறையில் இருக்கும் ஊர்ப் பெடியனிடம் சொல்லிவிட்டாளாம், அக்காவுக்கு இன்றைக்கு வேலை, அடுத்த கிழமை கட்டாயம் வருவாள் என்று.

"ஒரு கிழமை பொறுப்பான்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

கொக்கிக் கத்தியால் என் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். இறுக்கமாகப் போட்டிருந்தேன் அல்லவா, இலேசில் வரவில்லை. பாவு அறுந்தால் எல்லாம் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தோம். முடிய பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து, "வாரும்" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் கால் ஏற்கெனவே சட்டத்துக்கு அடியில் இருந்தது. நானும் நீட்டினேன், நேரே விளக்குப் பக்கம். உடம்பு ஒருதரம் கூசியது. பிறகு கூசவில்லை, நேரம் இருக்கவில்லை. வலப்பாதி அவள், இடப்பாதி நான். அவள் பாடத் தொடங்கினாள். முதல் நாலு வரிசைக்குக் குரல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. அவள் நிறத்தையும் எண்ணையும் சொல்ல, நான் அவளுடைய மொழியிலேயே திருப்பிச் சொல்லி முடிந்தேன். பாதி இராகம் எனக்கு வந்தது. இடையில் ஒருதரம் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "பார்க்காதையும்" என்றாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று மணி ஆனபோது அவள் அடுத்த வரிசையின் நிறத்தைச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். நாலரைக்கு மயிரை வெட்டி முடித்தோம். வான் வந்து நிற்கும்போது கம்பளம் மின்விசிறிக்கு முன்னால் கிடந்தது.

வியாழன் காலை முதலாளி சப்பாத்தைக் கழற்றினார். கண்ணை மூடினார். கை ஓரத்திலிருந்து கிளம்பிப் பூக்களைத் தாண்டி நீல நிலத்துக்கு வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. கை விளக்கின் அடியால் போய், விளக்கைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மறு முனைக்குப் போய்விட்டது. எங்குமே நிற்கவில்லை.

நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் கம்பளத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"இது ரெண்டு கை. இடப்பக்கம் இறுக்கம் அதிகம். ஆர்?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "நான் சொல்லச் சொல்ல இவ கட்டினவா."

"மாதிரியை வாசிச்சுச் சொன்னனீங்களோ? எங்கடை ஊர் முறையிலையோ?"

"ஓம்."

அவர் கம்பளத்தைச் சுருட்டி எங்கள் முன்னால் வைக்கவில்லை. தானே தோளில் தூக்கிக்கொண்டு போனார். நெய்யத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் என்று போகிற போக்கில் சொன்னார். மத்தியானம் கடிதம் வந்தது. இந்தப் பெண் நெய்வதோடு மாதிரி வாசித்து மற்றவர்களை நெய்விக்கவும் வல்லவள் என்று எழுதியிருந்தது. அவள் அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பட்டறையின் பின்பக்கம் நின்று இருவரும் சிரித்து, அழுது, தேத்தண்ணீர் குடித்தோம். நேற்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்துத் தந்தாள்.

அடுத்த புதன் காலையில் கிளம்பிப் போனவள் பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டாள். கைப்பையைக் கதிரையில் வைத்தாள். தம்பிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி அப்படியே உள்ளே இருந்தது.

"கையெழுத்துப் போட்டிட்டான். ஊருக்கு அனுப்பிப்போட்டினம்."

அறையில் இருந்த பெடியன் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். போன புதன் செய்தியைச் சொன்ன பிறகும், தம்பி தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மூன்று மணி வரைக்கும் பார்வையாளர் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தானாம். மூன்று அடித்ததும் எழும்பி, "ஓம், அக்காவுக்கு வேலை" என்று சொல்லிவிட்டு, நேரே போய்ப் பேனையைக் கேட்டானாம்.

என்னை மன்னியும் என்று சொன்னேன். எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. என் காலை வெட்டி எறியவேண்டும் போல இருந்தது. அவள் மறிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டத்துக்கு முன்னால் போய்த் தன் இடத்தில் இருந்தாள். புதிதாக வந்த கம்பளம் ஒன்று அதில் ஆணியடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நீர் அண்டைக்கு எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

சொல்லாமல் விட்டிருந்தால் கடிதம் கிடைத்திருக்காது, விசாவும் கிடைத்திருக்காது. அது அவளுக்கும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். அவளுக்கு விசா அந்த வருடக் கடைசியில் கிடைத்தது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கால் நீட்டி, முடிச்சுப் போட்டோம். இரண்டு சிவப்பு, ஒரு கருநீலம், மூன்று சிவப்பு என்று அவள் சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்லுவேன். பாடவில்லை. ஒருநாளும் பிறகு பாடவில்லை.